மூச்சுக்கண்

பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

தவக்காலம் முடியும்வரை தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள், மனச்சாட்சியோடு பேசிப் பழகுங்கள் என்று பங்குச்சாமி இன்று பிரசங்கத்தில் சொன்னார். இஞ்ஞாசி சாமிக்கு வயது முப்பத்தாறு, என் வயதில் சரிபாதி. முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் சுற்றறிக்கை எழுதிய கை இது, ஒரு வரியில் எங்கே நிற்கப் போகிறது. வரும் வழியிலேயே நோட்டு வாங்கிவிட்டேன்.

நெற்றியில் சாம்பல் பூசும்போது மேலே பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூரையின் நடுவில் உருண்டு நிற்கும் கும்மட்டத்துக்கு நேர் கீழே யாரும் போகாதபடி கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு மேலே, தூணுக்குத் தூண் இழுத்துப் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். டிசம்பர் மழையில் பூச்சு உதிரத் தொடங்கியதும் எங்கள் ஊர் ஆட்கள் செய்த ஏற்பாடு. வலை நிறையப் பூச்சுக் கட்டி. இந்த வருடம் கோயிலுக்கு நூற்றைம்பது வயது நிறைகிறது, விழாவுக்கு அது இப்படி நிற்கிறது.

தவக்காலத்துக்கு நான் விட்டது சர்க்கரை. மனைவி பிலோமி விட்டது தொலைக்காட்சித் தொடர். வீட்டுக்கு வந்து செருப்பை வாசலில் கழற்றினேன். அவள் வழக்கம்போல் அதை எடுத்து உள்ளே கதவுக்குப் பின்னால் வைத்தாள். நாய் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். எங்கள் தெருவில் செருப்புத் தூக்குகிற நாய் எது என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

கும்மட்டத்தைச் சோதித்துச் சொல்ல மதுரையிலிருந்து வானதி என்றொரு பெண் வந்திருக்கிறார். பழைய கட்டடங்களைச் சீர்செய்வதுதான் அவர் வேலை. வந்ததும் வராததுமாகக் கயிற்றுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். உபதேசியார் பதறிப்போய் என்னை அழைத்து வந்தார்.

"கும்மட்டத்த இப்படித்தான் சார் பாக்கணும். இல்லன்னா கழுத்து போயிடும்" என்றார் படுத்தபடியே.

பங்குப் பேரவையின் செயலாளர் நான். கோயிலின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலரை எழுதியவனும் நான். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் விடுவேனா. முகப்பிலிருந்து தொடங்கினேன். ஆறு தூண், அதற்கு மேல் முக்கோண முகப்பு, பழைய ரோமாபுரிக் கட்டடங்களின் சாயல். தூண்கள் பார்வைக்குக் கல், தட்டினால் செங்கல்; சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அப்படி ஏமாற்றுகிறது. கோயிலைத் தொடங்கிய லூயி சாமி பிரான்சிலிருந்து வந்தவர். ஊரார் கேட்டது பக்கத்து ஊரில் இருப்பது போல வானத்தைக் குத்துகிற இரட்டைக் கோபுரம். சாமி கும்மட்டம்தான் என்று பிடிவாதமாக நின்றார். ஆறு மாதம் ஊர் அவரோடு பேசவில்லை, மீன்கூடக் கொடுக்கவில்லை. அவர் பாட்டுக்குச் சிலுவை வடிவில் நாலு கை வைத்து, நடுவில் நாலு பெரிய வளைவு எழுப்பி, வளைவுகளின் தோளில் வட்டச்சுவரும் எட்டு ஜன்னலும் வைத்து, அதற்கு மேல் முப்பத்திரண்டு அடி அகலத்துக்குச் செங்கல்லாலேயே கும்மட்டத்தை மூடினார். உள்ளே ஒரு கம்பி இல்லை, ஒரு மரச்சட்டம் இல்லை. கோயிலை மந்திரித்துத் திறந்த வருடம் 1874. ஒரு மப்பான நாளில் கரை தெரியாமல் தவித்த படகுகளுக்கு வெள்ளையாகக் கும்மட்டம் தெரிந்ததாம். அன்றைக்குத்தான் சாமி வீட்டுக்கு மீன் வந்தது.

வானதி சிரித்தார். பிறகு கையை நீட்டினார். "கும்மட்டம் ஆரம்பிக்கிற இடத்துல சுத்திலும் எட்டு வட்டத் திட்டு தெரியுதே, அது என்ன சார்?"

"அலங்காரத் துளைகள். புறா வருதுன்னு அடைச்சாச்சு."

"யாரு அடைச்சது?"

"பங்குப் பேரவை."

பேரவை என்பது வசதியான சொல். அதற்கு முகம் கிடையாது.

பிப்ரவரி 21, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. சர்க்கரை இல்லாத காப்பி, எட்டாம் நாள்.

பிப்ரவரி 23, வெள்ளி

தஸ்நேவிஸ் மேரி வந்திருந்தாள். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள், இப்போது சத்துணவுக்கூடத்தில் சமையல். மகள் ஜெனிட்டாவுக்கு ஏப்ரல் எட்டாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை மணப்பாட்டுப் பக்கம். ஓலைக்கு எழுதிக் கொடுக்க வந்தாள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் அதைப் பங்குக்குருவிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடியும். எங்கள் கோயிலில் இருபத்தைந்து வருடமாக அதை வாசிப்பது என் குரல். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஒரு பெயரைக்கூடத் தப்பாக உச்சரித்ததில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டும் அவள் போகவில்லை.

"சார், அந்த இஞ்சினியரம்மா சோதனை பண்ணுதாவல்லா. அந்த ரிப்போர்ட்டுல எங்கப்பா பேரு வருமா?"

"ஏன் கேக்க?"

"ஓலையில 'வியாகுலம் பேத்தி'ன்னு நீங்க வாசிப்பிய. உடனே பின்னால ஒருத்தன் சிரிப்பான். எனக்குப் பழகிட்டு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க மூணாவது ஓலைக்கு வாறாவ சார். அவங்களுக்கு முன்னால யாரும் சிரிக்கக் கூடாது. அதுக்குள்ள ரிப்போர்ட்டு வந்துருமா?"

பார்க்கலாம் என்றேன்.

இதை எழுதி வைக்க வேண்டும். 1998இல் கும்மட்டத்தைச் சீர்செய்தது அவளுடைய அப்பா வியாகுலம் கொத்தனார். 2003 மழையில் உள்பூச்சு ஒரு பெரிய துண்டாகப் பெயர்ந்து காலியான பெஞ்சில் விழுந்தது. கடல் மண்ணைக் கலந்து பூசிவிட்டார், மண்ணில் உப்பு என்று யாரோ சொன்னார்கள். அது ஊரைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் உப்புக் கொத்தனார், அது உப்புக் கொத்தனார் வீடு. ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கொல்லம் பக்கம் போய்ச் சித்தாளாக இருந்து, 2009இல் அங்கேயே இறந்தார்.

யாரோ சொன்னார்கள். ஊர் என்றால் அப்படித்தான்.

பிப்ரவரி 26, திங்கள்

வானதி 1998ஆம் வருடத்துக் கூட்டப் பதிவேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்து அப்போது இன்னும் அழகாக இருந்திருக்கிறது.

துளைகளை அடைத்த கதையை அவருக்குச் சொன்னேன். உறுதிபூசுதல் கொடுக்க ஆயர் வந்திருந்தார். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஆயர் கையை உயர்த்த, மேலே துளையில் இருந்த புறா அவர் தொப்பியில் எச்சமிட்டது. கோயில் மூச்சடைத்து நின்றது. ஆயர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தூய ஆவியார் நமக்கு முன்னாலயே வந்துட்டார்" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏற்பாடு முழுவதும் என்னுடையது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த வாரமே துளைகளை அடைக்கத் தீர்மானம் போட்டேன்.

வானதி சிரித்து முடித்துவிட்டுப் பதிவேட்டில் விரல் வைத்தார். "சார், இதுல 'கொத்தனார் ஆலோசனைப்படி துளைகளை அடைத்து, உள்ளே சிமெண்ட் பூசுவதெனத் தீர்மானிக்கப்பட்டது'ன்னு இருக்கு. சுண்ணாம்புக் கட்டடத்துல சிமெண்ட் பூசக் கூடாதுன்னு ஒரு பழைய கொத்தனாருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சிருக்காது" என்றேன்.

ஒரே சொல். பதிவேட்டில் அப்படி எழுதியது தீர்மானத்துக்கு ஒரு கனம் இருக்கட்டும் என்றுதான். எல்லாத் தீர்மானத்திலும் அப்படி ஏதாவது எழுதுவோம். இன்றைக்கு வாயால் சொன்னதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று தெரியவில்லை.

மார்ச் 1, வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். பிலோமியிடம் இரண்டு முறை கோபப்பட்டது, ஒருநாள் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொண்டது. "வேற ஏதாவது, சார்?" என்று சாமி கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

முதல் ஓலை. "மறைந்த வியாகுலத்தின் பேத்தியும்" என்று வாசிக்கும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான், "உப்பு" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். தஸ்நேவிஸ் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பு யாரோ என்று எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. பேரவைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதுவும் உறுதியாகச் சொல்லவில்லை, சந்தேகமாகக் கேட்டார்.

மார்ச் 6, புதன்

வானதி தொலைபேசியில் அழைத்தார். மதுரையில் பூச்சைச் சோதித்துவிட்டார்களாம்.

"சார், மண்ணு சுத்தமான ஆத்து மண்ணு. அதுல உப்பே கிடையாது. கடல் காத்துல வர்ற ஈரத்துலதான் உப்பு வந்திருக்கு. முன்னாடி அந்த எட்டுத் துளை வழியா ஈரம் வெளிய போயிட்டிருந்தது. அதை அடைச்சு, சிமெண்ட்டும் பூசினதால உள்ளேயே தங்கி, உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளுது. அப்புறம் இன்னொன்னு. மேற்றிராசனத்துல, ஆயர் இல்லத்துல, லூயி சாமியோட கட்டடக் குறிப்பேடு கிடைச்சுது. பிரெஞ்சு தெரிஞ்சவங்க படிச்சுச் சொன்னாங்க. அந்தத் துளைக்கு அவர் போட்டிருக்கிற பேருக்கு வேர்ச்சொல்லே மூச்சு விடறதுதானாம். அது அலங்காரம் இல்ல சார். உங்க ஊர்ல அதுக்குன்னு ஒரு பேரு இருந்திருக்கணுமே?"

"அப்படி ஒண்ணும் இல்லையே."

இருந்தது. 1998இல் சாரத்தின் கீழே நின்று வியாகுலம் என்னிடம் சொன்னார். "சார், இது மூச்சுக்கண்ணு. இத அடைச்சா கும்மட்டம் தாங்காது. புறாதான பிரச்சன? கம்பிவல அடிச்சுத் தாறேன்." கம்பிவலை கோழிக்கூடு மாதிரி இருக்கும் என்றேன். அவர் மறுபடியும், "மூச்சுக்கண்ண அடைக்கப்படாது சார், கோயில் கட்டுன நாள்லேர்ந்து எங்க ஆளுவ அப்படித்தான் சொல்லுதோம்" என்றார். நான் தமிழாசிரியன். அகராதியில் இல்லாத வார்த்தையை எல்லாம் வைத்துக்கொண்டு என்னிடம் வாதாடாதீர் என்றேன். கூலியாட்கள் சிரித்தார்கள். அவர் ஏணியில் ஏறிப் போய் அடைத்தார்.

அந்தச் சொல் ஒரு வெள்ளைக்காரச் சாமி வாயிலிருந்து கொத்தனார்கள் வாய்க்கு வந்து நூற்றிருபத்து நாலு வருடம் அப்படியே இருந்திருக்கிறது. கோயிலின் வரலாறு எழுதிய எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. சிரிப்பு கொஞ்சம் கூடுதல்.

மார்ச் 12, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்று சாமி சொல்லிவிட்டார். "உங்கள விட்டா யாரு சார்" என்றார்.

காலை முழுவதும் மொழிபெயர்த்தேன். மண் நல்ல மண் என்று தெளிவாக இருக்கிறது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த பத்தி: கட்டடத்தின் சேதத்துக்குக் காரணம் துளைகளை அடைத்ததும் சிமெண்ட் பூசியதும், 1998 பதிவேட்டின்படி இது கொத்தனாரின் ஆலோசனைப்படி நடந்திருக்கிறது.

ஆக, வியாகுலம் உப்பிலிருந்து தப்பிக்கிறார், இதில் மாட்டிக்கொள்கிறார். நான் பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வார்த்தையும் சேர்க்காமல், ஒரு வார்த்தையும் விடாமல் மொழிபெயர்த்தால் போதும். என் பழைய மை எனக்காகப் பேசிக்கொள்ளும்.

பிலோமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அதுல வியாகுலம் அண்ணன் பேரு இருக்கா?" என்று கேட்டாள். இருபத்தோரு வருடத்தில் அவள் வாயில் அந்தப் பெயரை இன்றுதான் கேட்கிறேன்.

"இருக்கு."

"எப்படி இருக்கு?"

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 15, வெள்ளி

இரண்டு நாளாக எழுதவில்லை. இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

நான் சொன்னேன். 2003இல் பேரவைக் கூட்டத்தில், யார் பொறுப்பு என்று அப்போதைய சாமி கேட்டார். எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். "கடல் மண்ணக் கிண்ணக் கலந்துட்டானோ என்னமோ" என்றேன். அவ்வளவுதான். ஒரு வாக்கியம்கூட முழுதாக இல்லை. அது அன்று சாயங்காலத்துக்குள் கடற்கரை முழுவதும் போய்விட்டது. அதற்கப்புறம் நான் ஒருமுறைகூட அதைத் திருப்பிச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒருவர் சந்தேகமாகக் கேட்டார் என்று போன வாரம் எழுதினேனே, அதுவும் பொய். எனக்குச் சந்தேகமே கிடையாது. 1998இல் மண் வண்டி ஒவ்வொன்றும் வந்து நிற்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வியாகுலம் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். துப்பிவிட்டு, இறக்கு என்பார். ஒரு வண்டியை அப்படி நாக்கில் வைத்துப் பார்த்துத் திருப்பியே அனுப்பினார். கடல் மண் கலந்தார் என்று இந்த உலகத்தில் யார் நம்பினாலும் நான் நம்பியிருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பேச்சு பரவிப் பத்து நாள் கழித்து அவர் இங்கே வந்தார். மத்தியானம். வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். "சார், நீங்க சொல்லித்தான அடைச்சேன். கோயில்ல ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த." நான் இந்த அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிலோமியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் வெளியே போய், "சார் இல்ல அண்ணே, தூத்துக்குடி போயிருக்காவ" என்றாள். நான் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

அசிங்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடினேன். அகராதியில் நிறைய இருக்கின்றன, இதுதான் சரியாக இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாம் ஓலை. மணப்பாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் மூன்றாவது பெஞ்சில். தஸ்நேவிஸ் அவர்களுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு.

"மறைந்த வியாகுலம் கொத்தனாரின் பேத்தியும்" என்று வாசித்தேன். ஓலையில் கொத்தனார் இல்லை, நான் சேர்த்தது. பின்னால் ஒருவன் செருமினான். "தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்" என்ற இடம் வந்தது. ஆயிரம் தடவை வாசித்த வரி. தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன்.

பிறகு அறிக்கை. மண் நல்ல மண் என்றதும் கோயிலில் சலசலப்பு. அடுத்த பத்தியை வாசித்தேன், முழுவதும். வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

"இதில் ஒரு பிழை இருக்கிறது. பிழை இஞ்சினியரம்மாவுடையது இல்லை. கொத்தனார் ஆலோசனைப்படி என்று பதிவேட்டில் எழுதியவன் நான். கொத்தனார் அடைக்க வேண்டாம் என்றார். அடைக்கச் சொன்னதும் சிமெண்ட் பூசச் சொன்னதும் நான். அவர் நல்ல மண்ணில்தான் பூசினார் என்று தெரிந்தும், கடல் மண் என்று முதலில் சொன்னவன் நான்."

எங்கள் கும்மட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. கீழே சொன்னதன் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் தாமதித்து மேலேயிருந்து திருப்பித் தரும். நான், நான் என்று வந்தது.

நான் கல்லெறிக்கே தயாராக இருந்தேன். ஆனால் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். சாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தார். தவக்காலத்தில் இதைவிடப் பெரிய பிரசங்கம் இல்லை என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் நடுவில் தஸ்நேவிஸ் மாத்திரம் தட்டவில்லை. கோத்த கை கோத்தபடி இருந்தது.

மார்ச் 18, திங்கள்

காலையிலிருந்து தொலைபேசி. இந்த வயதில் இப்படி ஒரு துணிச்சலா, பெரிய மனசு சார் உங்களுக்கு. துபாயிலிருந்து பழைய மாணவன் ஒருவன் அழுதான். பங்கு வாட்ஸ்அப் குழுவில் என் படத்துக்கு மாலை போட்டு, உண்மையின் சாட்சி என்று எழுதியிருக்கிறார்கள். சாட்சிக்கு ஒற்றெழுத்தை விட்டுவிட்டார்கள்.

வியாகுலத்தை விட்டுவிட்டு எல்லாரும் என்னைப் பேசுகிறார்கள். இருபத்தோரு வருடம் அவர் பெயரைக் கெடுத்து, கடைசியில் அதிலும் நல்ல பெயர் எனக்கே வந்திருக்கிறது.

வாசலில் அவர் வந்து நின்றதை நான் கோயிலில் சொல்லவில்லை. அது எனக்கும் பிலோமிக்கும் மட்டும் தெரிந்தது, அவரே அறியாதது. அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது.

மார்ச் 20, புதன்

தஸ்நேவிஸ் கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தாள். தட்டில் வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் முறையாக இருந்தது. பிலோமியிடம்தான் கொடுத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தஸ்நேவிஸ், உன்கிட்ட நான் தனியா மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

"கோயில்ல சொன்னிய சார். மாப்பிள்ள வீட்ல சந்தோசப்பட்டாவ. யாரும் சிரிக்கல." பிலோமியைப் பார்த்தாள். "எல்லாத்தையும் சொல்லுவியன்னு நெனச்சேன்."

"எல்லாத்தையும்னா?"

"எங்கப்பா இங்க வந்து நின்னாவல்லா."

பிலோமி தட்டை மேசையில் வைத்தாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அன்றைக்கு வீட்டில் இல்லை என்றோ என்னவோ தொடங்கியிருக்கிறேன். எழுபத்திரண்டு வயதில், ஞாயிற்றுக்கிழமை கைதட்டல் வாங்கிவிட்டுப் புதன்கிழமை அதே பொய்யைத் தொடங்கினேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க உள்ள இருந்தது அப்பாவுக்குத் தெரியும் சார். ஒங்க செருப்பு வாசல்ல கெடந்துச்சாம்."

என் கண் வாசலுக்குப் போனது.

"வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அதத்தான் சொன்னாவ. 'செருப்பு கெடந்துச்சு, சார் இல்லன்னுட்டாவ.' கொல்லத்துல சாகக் கெடக்கையிலயும் அதத்தான் சொன்னாவ. கடல் மண்ணுன்னு சொன்னது கூட அவங்களுக்குப் பெருசில்ல. ஆனா, 'அத ஊர்ல யார்கிட்டயும் சொல்லிராத பிள்ள, சாருக்கு அசிங்கம்'னாவ. அதான் இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

கல்யாணத்துக்குக் கட்டாயம் வாங்க என்று எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையை எங்களிடமும் சொன்னாள். போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 21, வியாழன்

பிலோமியிடம் கேட்டேன். "அன்னைக்கு ஒனக்குத் தெரியுமா?"

"அந்த அண்ணன் எம் மொகத்தப் பாக்கல. கீழ பாத்துக்கிட்டே நின்னாவ. எதப் பாக்காவன்னு நானும் பாத்தேன்."

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தேவை இருக்கவில்லை. நாய் ஒன்றும் இல்லை. இருபத்தோரு வருடம் தினமும் இரண்டு வேளை, மூன்று வேளை அவள் குனிந்து எடுத்து வைத்திருக்கிறாள். நான் ஒருநாளும் அவளோடு சேர்ந்து குனியவில்லை.

மார்ச் 27, புதன்

சாரம் கட்டி முதல் மூச்சுக்கண்ணைத் திறந்தார்கள். மற்ற ஏழும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அப்புறம். வானதி கம்பிவலை அடிக்கச் சொல்லியிருக்கிறார். வியாகுலம் சொன்ன அதே கம்பிவலை. கீழேயிருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியவில்லை. அறிக்கையின் தமிழில் துளை என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் அடித்து, மூச்சுக்கண் என்று திருத்திக் கொடுத்தேன். இந்த நோட்டையும் சாமியிடம் கொடுத்து, மார்ச் 20ஆம் தேதிப் பக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன். சாமி உட்கார்ந்து கடைசிவரை படித்தார். தஸ்நேவிஸிடம் கேட்காமல் போடக் கூடாது என்றார். அவளிடம் போய்க் கேட்டேன். வேண்டாம், அப்பா சொல்லக் கூடாது என்றார் என்றாள்.

ஆக, இது எனக்குள்ளேயே இருக்க வேண்டியது.

ஏப்ரல் 8, திங்கள்

கல்யாணத்துக்குப் போனோம். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். திறந்த மூச்சுக்கண் வழியாக வெயில் வட்டமாக வலைமேல் விழுந்து கிடந்தது. பெண் நன்றாக இருந்தாள். தஸ்நேவிஸ் பந்தியில் வந்து, "சார், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா" என்று கேட்டாள், எல்லாரிடமும் கேட்பது போலவே.

வீட்டுக்கு வந்து செருப்பை வாசலில் கழற்றினேன். பிலோமி குனிந்தாள்.

"கெடக்கட்டும்" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாசல் கதவு திறந்திருக்கிறது. கேட்டிலிருந்து பார்க்கிற எவருக்கும் செருப்பு தெரியும்.